மிச்சத்தை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி, யாரோ ஒருவர் பாத்திரம் ஒழிக்கும் நேரத்தில் வருபவை. சோறு அரைப் பாத்திரம் மிஞ்சிவிட்டது, எடுத்து வைக்கலாமா? நேற்றுப் பொரித்த கோழி வாடை அடிக்கிறது, கெட்டுவிட்டதா? கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒரே பதிலை நாற்பதாவது முறை சொன்ன அன்று எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். எளியவை முன்னால், வில்லங்கமானவை பின்னால்.

மிச்சத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டா முடிஞ்சுது. அதுல தனியா என்ன சமையல் இருக்கு?

சூடு பண்ணிச் சாப்பிட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் பலருக்கும் பிடிப்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு. சமைத்த உணவு ஒரு ராத்திரியில் மாறிவிடுகிறது. மொறுமொறுப்பாக இருந்தது ஈரத்தை உறிஞ்சி நமுத்துப் போகும். மெத்தென்று இருந்தது இறுகும். வாசனையில் பாதி பறந்திருக்கும். அதை மறுபடி நேற்று இருந்த நிலைக்குக் கொண்டுவரப் பார்ப்பது பெரும்பாலும் வீண் முயற்சி.

நான் மிச்சத்தைப் பாதி வேலை முடிந்த மூலப்பொருளாகத்தான் பார்க்கிறேன். வெந்த உருளைக்கிழங்கு என்றால், வேகவைக்கும் இருபது நிமிட வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அது நேற்று எந்த உணவில் இருந்தது என்பதை மறந்துவிட்டு இப்போதைய குணத்தைப் பாருங்கள். ஈரமா, உலர்ந்ததா? உப்பு ஏறியிருக்கிறதா? கெட்டியாக நிற்குமா, மசியுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அது அடுத்து என்னவாக ஆகும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். இன்னொன்று, இதை யோசிக்க வேண்டிய நேரம் எடுத்து வைக்கும்போது. மறுநாள் பசியோடு ஃப்ரிட்ஜைத் திறந்து நிற்கும்போது யாருக்கும் யோசனை ஓடாது.

எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

சமைத்த எதுவானாலும் ஃப்ரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பல வீடுகளில் அது 7, 8 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. ஒரு சின்ன வெப்பமானியை நடுத்தட்டில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கதவின் உள்பக்கம் எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும், அங்கே மிச்சத்தை வைக்காதீர்கள்.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருந்தால் கிருமிகள் வளராது. அதனால் பாதுகாப்புக்கு நாள் கணக்கு இல்லை, ருசிக்குத்தான் உண்டு. இரண்டு, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதியையும் உள்ளே இருப்பதன் பெயரையும் எழுதுங்கள். உறைந்தபின் குழம்பும் சூப்பும் ஒரே முகம்தான்.

சூடா இருக்கிறதை ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்வாங்க. ஆறினப்புறம்தானே வைக்கணும்?

ஆற வைக்கலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. படுக்கப்போகும் முன் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

ஒரு பெரிய பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க உள்ளே தள்ளுவதும் தப்புதான். சுற்றி உள்ள பொருள்களும் சூடாகும், பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். தட்டையான டப்பாக்களில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்துப் போடுங்கள். அவசரம் என்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய தொட்டியில் நிறுத்திக் கிளறுங்கள். ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடலாம், முழுசாக ஆறும்வரை காத்திருக்க வேண்டாம்.

மோந்து பார்த்தா தெரியாதா அக்கா? என் மூக்கு பொய் சொல்லாது.

உங்கள் மூக்கு "வேண்டாம்" என்று சொன்னால் அதை நம்புங்கள். "சரி" என்று சொன்னால் நம்பாதீர்கள். உணவை ஊசவைத்து, நூல் விடவைத்து, நாற்றமடிக்கச் செய்யும் கிருமிகள் ஒரு வகை. வயிற்றைப் புரட்டிப் போடும் கிருமிகள் பெரும்பாலும் வேறு வகை. பின்னவை வாசனையையோ நிறத்தையோ மாற்றாமலே இருக்கலாம். சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வாய் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம். டப்பாவில் எழுதிய தேதி மூக்கைவிட நல்ல சாட்சி.

சோறுதானே, அதுல அப்படி என்ன ஆபத்து?

மற்ற மிச்சங்களைவிடச் சோற்றிடம்தான் நான் அதிகம் பயப்படுவேன். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். அரிசி வெந்தாலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு 121 டிகிரி வெப்பத்தையும் தாங்கக்கூடியது. அதனால் மறுநாள் வாணலியில் ஆவி பறக்க வறுத்தாலும் பயனில்லை. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும்.

இது எனக்கே நடந்தது. ராத்திரி அடுப்பு மேலேயே விட்டுவிட்ட சோற்றைக் காலையில் வெங்காயம், முட்டை போட்டு நாக்கு சுடச் சுடச் சாப்பிட்டோம். பதினொரு மணிக்குள் வீட்டில் இரண்டு பேர் படுத்துவிட்டோம். "சூடாகத்தானே சாப்பிட்டோம்!" என்று ஆச்சரியப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. சோற்றைத் திரும்பச் சூடாக்குவது தப்பு என்று பலர் சொல்வார்கள். உண்மையில் தப்பு முந்தின ராத்திரியே நடந்துவிடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து உள்ளே வைத்துவிட்டால் மறுநாள் பயமில்லாமல் எடுக்கலாம். சோற்றுக்கு மட்டும் நான் இரண்டு நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

ஃப்ரிட்ஜ்ல வெச்ச சோறு கல்லு மாதிரி ஆயிடுது. எப்படி மறுபடி பூப்போல ஆக்குறது?

வெந்தபோது தண்ணீரை வாங்கி இளகிய மாவுச்சத்து, குளிரில் மறுபடி இறுகி அடுக்காகச் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் பருக்கை விறைக்கிறது. சூடு பட்டால் பெரும்பகுதி இளகிவிடும். ஒரு கப் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த விறைப்பு ஒரு வரம். புதுச் சோற்றை வறுத்தால் குழைந்து ஒட்டும். நேற்றைய சோற்றின் மேல்பக்கம் உலர்ந்திருப்பதால் பருக்கை பருக்கையாக நிற்கும். கட்டிகளைச் சூடாக்கும் முன்பே ஈரக் கையால் உதிர்த்துவிடுங்கள், வாணலியில் கரண்டியால் குத்தினால் பருக்கை உடையும். வாணலி புகையும் அளவுக்குக் காயட்டும். எண்ணெய் விட்டு, நறுக்கிய பூண்டும் வெங்காயமும் போட்டு, அது நிறம் மாறத் தொடங்கியதும் இரண்டு கைப்பிடி சோறு மட்டும் போடுங்கள். நிறையப் போட்டால் சூடு இறங்கி எல்லாம் வேக ஆரம்பித்துவிடும். போட்டதும் கிளறாமல் முப்பது நொடி விடுங்கள். முதலில் ஈரம் போகும் "ஸ்ஸ்" சத்தம் வரும். அது அடங்கிச் சின்னச் சின்னதாகப் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கும்போது புரட்டுங்கள். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் அடியில் பொன்னிறம் வந்திருக்கும். உப்பு கடைசியில். இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பழைய வாசனை போயே போய்விடும்.

அது சரி, குழைஞ்சு போன சோறா இருந்தா?

அதை வறுக்க நினைக்காதீர்கள். மசித்து, நறுக்கிய வெங்காயமும் ஒரு முட்டையும் சேர்த்து, தட்டையாகத் தட்டிக் கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். இல்லையென்றால் சூப்பில் ஒரு கரண்டி போட்டு அரைத்துவிடுங்கள். கிரீமோ மாவோ போட வேண்டிய வேலையை அந்தச் சோறே செய்துவிடும். போட்டதைச் சொன்னால் தவிர யாருக்கும் தெரியாது.

பிரெட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சாதானே கெடாம இருக்கும்?

பூசணம் தள்ளிப்போகும், பிரெட் மட்டும் சீக்கிரம் வறண்டுவிடும். சோற்றுக்கு மேலே சொன்ன அதே இறுகல்தான் இங்கேயும். உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில் அது மிக வேகமாக நடக்கும், அதாவது சரியாக உங்கள் ஃப்ரிட்ஜின் வெப்பத்தில். ஃப்ரீசரில் அது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே இரண்டு நாளுக்குள் தீராது என்று தெரிந்தால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது ஒன்றிரண்டை நேராக டோஸ்டரில் போடுங்கள்.

வறண்ட பிரெட்டை நான் வாங்கிய பிரெட்டைவிட அதிகம் மதிக்கிறேன். சின்னச் சதுரங்களாக வெட்டி எண்ணெயில் புரட்டி வறுத்தால் சூப்புக்கும் சாலட்டுக்கும் ஆயிற்று. முட்டையும் பாலும் கலந்ததில் ஊறவைக்க வறண்ட துண்டுதான் ஏற்றது, புதுத் துண்டு பிய்ந்துவிடும். உதிர்த்துத் தூளாக்கி, பூண்டு வாசனை ஏறிய எண்ணெயில் காப்பிக்கொட்டை நிறம் வரும் முன் நிறுத்தி வறுத்த தூள் ஒரு டப்பா இருந்தால், எந்தச் சோம்பலான உணவின் மேலும் தூவிக் காப்பாற்றிவிடலாம். ஆனால் ஒரு புள்ளி பூசணம் கண்ணில் பட்டாலும் முழுத் துண்டும் குப்பைக்குத்தான். பிரெட் போன்ற மெத்தென்ற பொருளில் பூஞ்சையின் வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். கெட்டியான சீஸ் என்றால் புள்ளியைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம்.

வெந்த காய்கறி மறுநாள் சொதசொதன்னு ஆயிடுது. யாரும் தொட மாட்டேங்கறாங்க.

தொட மாட்டார்கள், நானும் தொட மாட்டேன். வெந்த காயை மறுபடி வேகவைத்தால் இன்னும் தளரும். இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சொதசொதப்பை ஒப்புக்கொண்டு முழுசாக அரைத்துவிடுவது. கேரட், பூசணி, காலிஃபிளவர் போன்றவை வதக்கிய வெங்காயத்தோடு சேர்ந்தால் பத்து நிமிடத்தில் சூப்.

இன்னொன்று, ஈரத்தை விரட்டுவது. துணியில் ஒற்றி எடுத்து, சூடான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, கிளறாமல் சிவக்க விடுவது. உணவு சிவந்து வாசம் வருவது 140 டிகிரிக்கு மேலேதான் மும்முரமாக நடக்கும். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. நமுத்த காய் வாணலியில் சிவக்க மறுப்பதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். ஆறிய உருளைக்கிழங்குக்கு இந்த வழி பிரமாதம். இறுகிப் போயிருப்பதால் உடையாது, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று வரும்.

நேத்துப் பண்ண கோழி, கறி எல்லாம் ஒரு மாதிரி வாடை அடிக்குது. கெட்டுப்போச்சா?

ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது, உடனே ஃப்ரிட்ஜில் வைத்தீர்கள் என்றால் கெட்டிருக்க வாய்ப்பில்லை. இறைச்சி வேகும்போது அதிலுள்ள இரும்புச்சத்து வெளிப்பட்டு, கொழுப்பு காற்றோடு சேர்ந்து காறலாவதைத் தூண்டிவிடுகிறது. அட்டைப்பெட்டி போல ஒரு மந்தமான வாடை வரும். சூடாக்கச் சூடாக்க அது தூக்கலாகும்.

எனவே காற்றுப் படாமல் வையுங்கள். சாற்றில் மூழ்கி இருந்தால் நல்லது, உலர்ந்த துண்டுகள் என்றால் டப்பா நிறையும்படி அடைத்து மூடுங்கள். மறுநாள் துண்டு துண்டாகச் சூடாக்காமல் நாராகப் பிய்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வதக்கிய வெங்காயம், மிளகு, இஞ்சி, பூண்டு என்று வாசனை உள்ள ஒரு அடித்தளத்தைத் தயார்செய்து, இறைச்சியைக் கடைசி இரண்டு, மூன்று நிமிடத்தில் போட்டு ஆவி பறக்கும்வரை புரட்டி எடுங்கள். முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும். குளிர்ந்தபடியே எலுமிச்சை பிழிந்து சாலட்டில் சேர்ப்பது இன்னும் எளிது, அந்த வாடையும் எழும்பாது. எலும்பை எறியாதீர்கள். ஒரு பையில் சேர்த்து ஃப்ரீசரில் வைத்து, பை நிறைந்ததும் தண்ணீரில் மெல்லக் கொதிக்கவிட்டால் அடுத்த சூப்புக்குச் சாறு தயார்.

மிஞ்சின குழம்புல உப்பு கூடிப் போச்சு. உருளைக்கிழங்கு போட்டா உப்பை உறிஞ்சிடும்தானே?

உறிஞ்சாது. உருளைக்கிழங்கு உப்புத் தண்ணீரை உறிஞ்சும், உப்பை மட்டும் தனியாக இழுக்காது. கிழங்கை வெளியே எடுத்தால் மீதிக் குழம்பு அதே கரிப்போடு இருக்கும், அளவு மட்டும் குறைந்திருக்கும். கிழங்கை மசித்து உள்ளேயே விட்டால் உப்பு பரவலாகும், அது வேறு விஷயம்.

மிச்சத்தில் இந்தப் பிரச்சினை ஏன் அடிக்கடி வருகிறது என்றால், ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே நிற்கிறது. மருந்து ஒன்றுதான், உப்பில்லாத எதையாவது சேர்ப்பது. உப்பில்லாமல் வெந்த சோறு, பயறு, காய், பால், வெறும் தண்ணீர் என்று எதுவானாலும் சரி. இதனால்தான் சோற்றையும் பயறையும் எடுத்து வைக்கும்போது ஒரு பங்கை உப்புப் போடாமல் வையுங்கள் என்று சொல்வேன். கரிக்கும் இன்னொரு மிச்சத்துக்கு அதுதான் ஜோடி.

மைக்ரோவேவ்ல வெச்சா ஓரம் கொதிக்குது, நடுவுல ஐஸ் மாதிரி இருக்கு. மெஷின் ரிப்பேரா?

மெஷின் நன்றாக இருக்கிறது. அந்த அலைகள் உணவுக்குள் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் நன்றாக இறங்கும். நடுப்பகுதிக்குச் சூடு மெல்ல மெல்லத்தான் பரவ வேண்டும். உணவைத் தட்டில் வளையம்போலப் பரப்பி நடுவைக் காலியாக விடுங்கள். மூடி போடுங்கள், பாதியில் நிறுத்திக் கிளறுங்கள், முடிந்தபின் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். எல்லா இடமும் 74 டிகிரியைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் நடுவிலிருந்தும் ஆவி பறக்கிறதா என்று பாருங்கள்.

மொறுமொறுப்பான எதையும் அதில் வைக்காதீர்கள், வாணலியோ ஓவனோதான் சரி. முழு அவித்த முட்டை கண்டிப்பாகக் கூடாது. உள்ளே ஆவி அடைபட்டு, சில நேரம் வாயில் கடிக்கும்போது வெடிக்கும்.

எல்லா மிச்சத்தையும் ஒண்ணா கொட்டிக் கிளறினா ஒரு புது ஐட்டம் ஆயிடாதா?

நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தேன். சோறு, பயறு, ஒரு காய், முந்தின நாள் குழம்பு நான்கையும் ஒரே வாணலியில் போட்டேன். நிறம் சேறு, ருசி எதிலும் சேர்த்தியில்லை. நான்கும் தனித்தனியே நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றும் ஏற்கெனவே மசாலா, உப்பு, புளிப்பு எல்லாம் ஏறி நிறைவாக இருந்தது. நான்கு நாட்டாமைகளை ஒரே திண்ணையில் உட்கார வைத்த கதை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு வாணலியில் மசாலா ஏறிய மிச்சம் ஒன்றுதான். அதோடு சாதுவான மிச்சம் ஒன்று சேரலாம், வெறும் சோறு, நூடுல்ஸ், வெந்த பயறு, கிழங்கு மாதிரி. மூன்றாவதாகப் புதுப் பொருள் ஒன்று கட்டாயம். வெங்காயம், மூலிகை இலை, முட்டை, தக்காளி, எலுமிச்சை, ஒரு கைப்பிடி வறுத்த பருப்பு, எதுவாகவும் இருக்கலாம். சாப்பிடுபவரின் வாய் முதலில் அந்தப் புதுப் பொருளைத்தான் கவனிக்கும்.

ருசி மந்தமாக இருந்தால் பலரும் உப்பையோ மசாலாவையோ கூட்டுகிறார்கள். மிச்சத்தில் உப்பும் மசாலாவும் ஏற்கெனவே இருக்கின்றன. போனது புளிப்பும் வாசனையும் கடிபடும் தன்மையும்தான். முதலில் இரண்டு சொட்டு எலுமிச்சையோ வினிகரோ விட்டுப் பாருங்கள், பிறகு பச்சை இலை, பிறகு மேலே மொறுமொறுப்பாக ஒன்று. பத்தில் எட்டு முறை உப்பு டப்பாவைத் திறக்க வேண்டியிருக்காது.

மூணு ஸ்பூன் குழம்பு, நாலு துண்டு காய். இதையெல்லாம் கூடவா எடுத்து வைக்கிறது?

அடுத்த நாளே முட்டைக்குள் மடிக்கவோ பிரெட்டுக்குள் வைக்கவோ திட்டம் இருந்தால் வையுங்கள். திட்டம் இல்லையென்றால் கெட்டியான குழம்பு, சாஸ், சாறு வகைகளை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளை ஒரு பையில் சேருங்கள். வதக்கும்போது ஒரு கட்டி போட்டால் அன்றைய சமையலுக்கு அழுத்தம் வரும். இரண்டுமே உங்களுக்கு ஒத்துவராது என்றால், அந்த மூன்று ஸ்பூனை இப்போதே சாப்பிட்டுவிடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பத்துச் சின்ன டப்பாக்கள் முன்னால் நின்று நல்ல மிச்சத்தை மறைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

கீரையை மறுபடி சூடு பண்ணா விஷமாமே?

கீரையில் நைட்ரேட் என்ற உப்பு இயல்பாகவே அதிகம். கீரை வெளியே நேரம் போகக் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். ஆக, பிரச்சினை அடுப்பில் இல்லை, மேலே சொன்ன இரண்டு மணி நேரக் கணக்கில்தான். சமைத்ததும் ஆறவைத்து உள்ளே வைத்தால் பெரியவர்கள் மறுநாள் சூடாக்கிச் சாப்பிடலாம். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம், அவர்களின் ரத்தம் நைட்ரைட்டைச் சமாளிக்காது. அன்றன்று சமைத்ததையே கொடுங்கள்.

ஒரு தடவை சூடு பண்ணதை மறுபடி ஃப்ரிட்ஜ்ல வெச்சு மறுபடி சூடு பண்ணலாமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை ஆறும்போதும் சூடாகும்போதும் உணவு அந்த 5 முதல் 60 டிகிரி இடைவெளியைக் கடக்கிறது. வேண்டிய பங்கை மட்டும் தனியாக எடுத்துச் சூடாக்குங்கள், மீதி குளிரிலேயே இருக்கட்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்து இளகவிட்டிருந்தால் மறுபடி உறையவைக்கலாம், ருசிதான் கொஞ்சம் இறங்கும். சமையல் மேடையில் வைத்து இளகவிட்டதை உறையவைக்காதீர்கள்.

முந்தாநாள் கறியை இன்னைக்கு கட்லெட்டா மாத்திட்டேன். இப்ப நாள் கணக்கு புதுசா ஆரம்பிக்குமா?

இதைக் கேட்டவர் கெட்டிக்காரர். ஆனால் ஆரம்பிக்காது. உருவம் மாறினாலும் வயது மாறாது. கறி முதலில் வெந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். புதுசும் பழசும் கலந்தால் எது அதிகப் பழசோ அதன் வயதுதான் மொத்தத்துக்கும். இரண்டாம் நாளே உருமாற்றி ஃப்ரீசரில் வைத்தால் கடிகாரம் நிற்கும், வெளியே எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

வீட்டுல வயசானவங்க இருக்காங்க. அவங்களுக்கும் இதெல்லாம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மறுநாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எப்போதும் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. வயதானவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது மோசமாகப் போகலாம். அவர்களுக்குக் குளிர்ந்த இறைச்சி சாலட் யோசனையை விட்டுவிடுங்கள்.

"மறுபடி பழசா?"ன்னு எல்லாரும் மூஞ்சி சுளிக்கிறாங்க அக்கா.

அடுத்த நாளே தட்டில் வைத்தால் சுளிக்கத்தான் செய்வார்கள். அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம், இடைவெளி விடுங்கள். ஃப்ரீசரில் பத்து நாள் தூங்கிய குழம்பைப் பார்த்து யாரும் பழசு என்று சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு தந்திரம், நேற்று கரண்டியால் சாப்பிட்டதை இன்று கையில் பிடித்துச் சாப்பிடும்படி மாற்றுவது. ருசி அதேதான் இருந்தாலும் வாய்க்குப் புதுசாகத் தெரிகிறது. ஏன் என்று கேட்காதீர்கள், என் வீட்டில் வேலை செய்கிறது.

என்ன பண்ணாலும் கடைசில பாதி குப்பைக்குத்தான் போகுது. ரொம்பக் குற்ற உணர்ச்சியா இருக்கு.

நீங்கள் தனி ஆள் இல்லை. 2022-ல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. வீடுகளில் மட்டும் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. உணவகங்களையும் கடைகளையும்விட நம் சமையலறைகள்தான் முன்னால் நிற்கின்றன.

குற்ற உணர்ச்சியால் நான்காம் நாள் குழம்பை ஐந்தாம் நாள் சாப்பிடுவது மட்டும் கூடாது. ஒரே ஒரு வாரம், எறிவதையெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியபோது ஏழு வரியில் நான்கு வரி பிரெட் ஓரங்களும் சோறும்தான். சமைக்கும் அரிசியைக் கால் கப் குறைத்தேன், பிரெட்டை வாங்கிய அன்றே பாதி உறையவைத்தேன். பட்டியல் பாதியானது. சமையல் திறமைக்கு அதில் வேலையே இருக்கவில்லை.

இப்பதான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நேத்து வேகவெச்ச பயறு ஒரு கப், ரெண்டு அவிச்ச உருளைக்கிழங்கு, பிரெட் ஓரம் நாலு. அவசரம், சொல்லுங்க.

பிரெட் ஓரங்களை உதிர்த்து வெறும் வாணலியில் உலர வறுத்துத் தனியே வையுங்கள். பயறின் தண்ணீரை முழுசாக வடியுங்கள். ஈரம் இருந்தால் எதுவும் நிற்காது, சிவக்காது. கிழங்கையும் பயறையும் கரகரவென்று மசியுங்கள், பேஸ்ட் ஆக வேண்டாம். ஒரு வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், இருக்கிற பச்சை இலை எல்லாம் பொடியாக நறுக்கிச் சேருங்கள். அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். பயறில் உப்பு இருந்ததா என்று ருசித்தபிறகு உப்பு. உருட்டிப் பார்த்து உடைந்தால் வறுத்த தூளில் ஒரு கைப்பிடி உள்ளேயே கலக்கலாம்.

விரல் கனத்துக்குத் தட்டி, மீதித் தூளில் புரட்டி, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், மிதமான தீ. போட்டபின் நான்கு நிமிடம் தொடவே தொடாதீர்கள், ஓரம் பழுப்பாகத் தெரிந்ததும் தானாகக் கழன்று வரும், அப்போது திருப்புங்கள். எட்டு அல்லது ஒன்பது வரும். இரண்டு மிஞ்சும் என்று தோன்றினால் வாணலியில் போடாமல் ஃப்ரிட்ஜிலேயே விடுங்கள், எனக்குப் போன் செய்ய வேண்டாம். நாளைக் காலை இதேபோல வாணலியில் ஆவி பறக்கச் சிவக்கவிட்டு, டோஸ்ட் செய்த பிரெட்டுக்கு நடுவில் வைத்துச் சாப்பிட்டுவிடுங்கள்.